பாதி வந்த படம்

காலை எட்டு மணிக்கு உதவி மையத்தைத் திறந்ததும் லூர்துமேரி செய்கிற முதல் வேலை, சுவரில் இருந்த வாசனைப் பெட்டியின் துளையை ஒட்டுநாடாவால் அடைப்பதுதான். ஒவ்வொரு புகார் டிக்கெட் முடியும்போதும் அந்தப் பெட்டி ஒரு முறை மல்லிகை மணத்தைப் பீச்சும். புகார் சொல்ல வந்தவர்கள் மனம் குளிர்ந்து திரும்ப வேண்டுமாம். ஒரு நாளைக்கு இருபது டிக்கெட் என்றால் இருபது பீச்சு. மத்தியானச் சோற்றில்கூட அந்த வாடைதான் அடிக்கும். பத்து மணிக்குத் துப்புரவு இயந்திரம் உருண்டு வந்து ஒட்டுநாடாவைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போகும். மறுநாள் அவள் மறுபடி ஒட்டுவாள்.

வேலை என்னவோ எளிதுதான். ஹைட்ரஜன் தயாரிக்கும் நீரக ஆலையைச் சுற்றிய வளாகத்துக்குள் பதினெட்டாயிரம் பேர் குடியிருந்தார்கள். அத்தனை பேரின் படங்களும் மேகச் சேமிப்பில் இருந்தன. கருவியிலேயே படத்தை வைத்துக்கொள்வதெல்லாம் லூர்து பிறப்பதற்கு முன்பே ஒழிந்துபோன பழக்கம். எடுத்த நொடியில் படம் மேலே போய்விடும். பார்க்க வேண்டும் என்றால் கீழே இறங்கி வரும். ஏறினாலும் இறங்கினாலும் வளாகத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். கையேட்டில் அதற்கு இடைவாயில் என்று பெயர், பேச்சில் ப்ராக்ஸி. அந்த வாசலில் படங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்கு மருந்து மூன்று படி. கருவியில் நிறுவனத்தின் சான்று முத்திரையைப் பதி. தற்காலிகச் சேமிப்பைத் துடை. மறு ஒத்திசைவை அழுத்து. ஆறு நிமிடத்தில் வட்டம் நின்று படம் முழுதாக இறங்கும். இறங்கிய கையோடு, உங்கள் சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டு ஐந்து மஞ்சள் முகங்கள் திரையில் வரிசை கட்டி நிற்கும். அழுகிற முகத்தில் ஆரம்பித்து ஈயென்று இளிக்கிற முகத்தில் முடியும். ஒன்றை அமுக்காமல் கருவி ஆளை விடாது. வந்தவர்கள் பெரும்பாலும் இளிக்கிற முகத்தை அமுக்கிவிட்டுப் போவார்கள். அந்த முகங்களைக் கண்டாலே லூர்துக்குக் குமட்டிக்கொண்டு வரும். அப்படியும் ஆறு வருஷத்தில் படக் கோளாறுகளில் மட்டும் பதினோராயிரம் இளிப்பு சேர்த்துவிட்டாள். வளாகத்தில் அவளுக்குத்தான் முதலிடம்.

மையத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சரிசெய், அப்புறம் விளக்கு. முதலில் விளக்கப் போனால் ஆட்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்பார்கள். டிக்கெட் முடியாமல் தொங்கும். லூர்துக்கு இது பயிற்சியில் சொல்லித் தந்த பாடம். யோசிக்காமல் கடைப்பிடித்தாள்.

அந்த வியாழக்கிழமை உணவு இடைவேளையில் இசக்கியம்மாள் வந்தாள். சூரியத் தகடுகளைக் கழுவும் பிரிவில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். உப்புக் காற்றிலும் சோப்புத் தண்ணீரிலும் வெடித்த விரல்களால் ஒரு கருவியைத் துணி பிரித்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். வளாகத்தில் கொடுக்கிற கருவி இல்லை அது. அவளுடைய அக்காள் வைத்திருந்து கழித்த பழைய மாடல். நிறுவனத்தின் முத்திரை அதற்குள் தானாக ஏறாது, ஆள்தான் கையால் பதிக்க வேண்டும்.

திரையில் ஒரு படம் பாதி வந்து நின்றிருந்தது. நீலச் சுவர். இசக்கியின் தலையும் தோளும். அவள் மடியில் ஏறி நிற்கிற ஒரு சின்னப் பெண்ணின் சிவப்பு ரிப்பன், நெற்றி, மை அப்பிய இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலில் வட்டம் சுற்றியது.

"மூணு வருசமா இப்படியேதான் நிக்கு அக்கா. பாதிக்குக் கீழ இறங்க மாட்டேங்கு" என்றாள் இசக்கி.

மூன்று வருஷம் ஏன் வரவில்லை என்று லூர்து கேட்டாள். கண்ணாவது வந்திருக்கே, அது போதும் என்று இருந்ததாக இசக்கி சொன்னாள். பிள்ளையின் பெயர் பேச்சி. மூன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போன மறுநாளே குடியிருப்பு அலுவலகத்தில் பேச்சியின் எண்ணை ரத்து செய்து, இசக்கியின் கருவியையும் ஒத்திசைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயந்திரமே, கம்பெனி கொடுத்த அந்தக் கருவியில் தெரிந்த அத்தனை படங்களிலும் பேச்சி இருந்த இடத்தில் செடியும் திரைச்சீலையும் வந்து உட்கார்ந்திருந்தன. அக்காளின் இந்தப் பழைய கருவியில் எடுத்து, இறங்காமல் மாட்டிக்கொண்ட ஒரு படம்தான் தப்பியது.

"வாய் எப்படி இருந்துதுன்னு மறந்துபோச்சுக்கா. இந்தப் படத்துல சிரிச்சாளா, உம்முன்னு நின்னாளா? வேலை செய்யும்போதும் அதைத்தான் யோசிக்கேன், ஞாபகம் வரமாட்டேங்கு. அதை மட்டும் ஒருக்கா பாத்துட்டேன்னா போதும்."

அப்புறம் கருவியை நகர்த்திக் கொடுக்கப் போனவள் கையை எடுக்காமல் கேட்டாள். "சரிபண்ணப் போயி, இருக்கிறதும் போயிராதுல்லா?"

"போகாதும்மா. அசல் மேல பத்திரமா இருக்கு" என்றாள் லூர்து. பதினோராயிரம் தடவை சொன்ன பதில். நாக்கு தானாகச் சொல்லியது. முத்திரையைப் பதித்தாள், சேமிப்பைத் துடைத்தாள், மறு ஒத்திசைவை அழுத்தினாள்.

ஐந்தரை நிமிடத்தில் வட்டம் நின்றது. படம் மேலிருந்து கீழ் வரை முழுசாக வந்துவிட்டது. நீலச் சுவர், மஞ்சள் சேலையில் இசக்கி. அவள் மடியில் பூப்போட்ட உறை மாட்டிய ஒரு தலையணை. அது விழுந்துவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

பெட்டி மல்லிகையைப் பீச்சியது.

லூர்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முக ஒப்புதல் சட்டம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருவருடைய முகத்தைக் காட்ட அவருடைய நடப்பு ஒப்புதல் வேண்டும். வளாகத்தில் அந்த ஒப்புதல்களை எல்லாம் நிறுவனமே பாதுகாத்து வந்தது. வேலையை விட்டுப் போனால் ஒப்புதல் காலாவதி. செத்துப் போனாலும் காலாவதி. செத்தவர்கள் கையெழுத்துப் போட வருவதில்லை. இடைவாயில் ஒவ்வொரு படத்தையும் பிரித்துப் பார்த்து, காலாவதியான முகத்தை எடுத்துவிட்டு, பொருத்தமான எதையாவது இட்டு நிரப்பி, தன் முத்திரையைக் குத்தி உள்ளே அனுப்பும். படம் சீக்கிரம் தெரியட்டும் என்று மேல்பாதியை மட்டும் சோதிக்காமல் விட்டுவிடும். முத்திரையை ஏற்காத பழைய கருவிகளில் அந்த மேல்பாதியோடு படம் நின்றுபோகும். பேச்சியின் கண்கள் மூன்று வருஷம் பிழைத்துக் கிடந்த கதை இவ்வளவுதான்.

ஆகவே லூர்து வழக்கம்போல விளக்கத்தைத் தொடங்கினாள். இது வளாகத்துக்கு உள்ளே மட்டும்தான் இப்படி. வெளியே இடைவாயில் கிடையாது, சொந்தப் படத்தை யாரும் சோதிப்பதில்லை. விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ் நிலையத்தில் இருக்கிற பொதுத்திரையில் உன் எண்ணைத் தட்டு. பேச்சி முழுசாக வருவாள்.

இசக்கி அழவில்லை. தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஐந்து முகங்கள் திரையை மறைத்ததும், நடுவில் இருந்ததை அமுக்கிவிட்டுக் கருவியைத் துணியில் சுற்றினாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சரிசெய்யாமலே போய்ப் பார்த்திருப்பேனே என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. லூர்து தனக்குள் ஒரு முறை கேட்டுக்கொண்டாள். அடுத்த டிக்கெட் வந்ததும் மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கதவு திறக்குமுன் இசக்கி வாசலில் நின்றாள்.

"அங்கயும் தலகாணிதான் அக்கா."

இருக்காது, எண்ணைத் தப்பாகத் தட்டியிருப்பாய் என்று லூர்து சொன்னாள். மூன்று தடவை தட்டியதாக இசக்கி சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற ஆளையும் தட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு எட்டரைக்கு வேலை. நீங்க கொஞ்சம் பாருங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

லூர்து அந்தப் படத்தின் வரலாற்றைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் எந்தப் படத்தின் வரலாற்றையும் அவள் திறந்து பார்த்ததில்லை. டிக்கெட்டை முடிக்க அது தேவைப்பட்டதில்லை. இரண்டு வரிகள் இருந்தன. முதல் பிரதி, மூன்று வருஷத்துக்கு முந்தையது, நீக்கப்பட்டது. இரண்டாம் பிரதி, போன வியாழன் பகல் ஒன்று பத்து, நடப்பில் உள்ளது. ஏற்றியவர் என்ற இடத்தில் லூர்துமேரி, உதவி மையம் என்று இருந்தது.

அவள் எதையும் ஏற்றவில்லை. இறக்கத்தான் செய்தாள். அப்படித்தான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறு ஒத்திசைவு என்பது என்ன என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தாள். கீழே ஒரு பிரதி, மேலே ஒரு பிரதி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் புதியது ஜெயிக்கும். எது புதியது? இடைவாயில் இப்போதுதான் கழுவித் துடைத்து, தலையணை வைத்து, இன்றைய தேதி போட்டு அனுப்பிய பிரதிதான் புதியது. அதைக் கொண்டுபோய் அசலின் மேல் ஏற்றும். அசல் போய்விடும். வட்டம் சுற்றிக்கொண்டிருந்த வரைதான் படம் உயிரோடு இருந்தது. அவள் விரல் பட்ட நொடியில் அது முடிந்தது.

எழுந்து பொறுப்பாளர் தனசீலனின் அறைக்குப் போனாள். அவர் போண்டா தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் இறங்கிய காகிதத்தை விரித்து, அதன்மேல் கையேட்டை வைத்து, கையேட்டின்மேல் சட்னிக் கிண்ணத்தை வைத்திருந்தார். லூர்து சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். அதிர்ச்சியின் சாயல்கூட இல்லை.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கேம்மா, படிக்கலியா? ஒரே பிரதி விதி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு வச்சிருந்தா தணிக்கையில மாட்டிக்கிடுவோம்லா."

அசல் பத்திரமாக இருக்கிறது என்று ஆட்களிடம் சொல்லச் சொன்னது யார் என்று அவள் கேட்டாள். அது அந்தச் சட்டம் வந்த புதிதில் உண்மையாகத்தான் இருந்தது, பிறகு விதி மாறியது, சொல்லுகிற வாக்கியத்தை யாரும் மாற்றவில்லை என்றார் தனசீலன். விரலைக் கையேட்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, ஒன்று சொன்னார்.

"செத்தவங்க மூஞ்சிய வச்சிக்கிட்டு யாரு என்ன பண்ணப் போறா? படம் ஓடுதா, அதைப் பாரு. உன் ஸ்கோருக்கு ஒண்ணும் ஆகாது."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். மூக்கில் நின்றது போண்டா வாடையா, மல்லிகை வாடையா என்று பிரிக்க முடியவில்லை. தனசீலனை மட்டும் வெறுத்துவிட்டுப் போக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆள் ஒரு படத்தையும் தொட்டதில்லை. தொட்டவள் இவள்.

கழிப்பறைக்குள் போய், அங்கேயே நின்று தன் கருவியைத் திறந்தாள். அப்பா இந்த ஆலையிலேயே பளுதூக்கி ஓட்டியவர். அவர் இறந்த வருஷம்தான் லூர்து உதவி மையத்தில் சேர்ந்தாள். முதல் நாள் பயிற்சியில், பழகுவதற்கு உங்கள் சொந்த ஆல்பத்தையே ஒத்திசைத்துப் பாருங்கள் என்றார்கள். ஒத்திசைத்தாள். நானூறு படம். மாதா கோயிலில் அவள் முதல் நன்மை வாங்கிய அன்று தோளில் கை போட்டு அப்பா நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி நின்றது. பரவாயில்லை, பஸ் நிலையத் திரையில் நின்றுகொண்டு பார்க்க வேண்டாம், ஓய்வு பெற்று வெளியே போனதும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு வருஷமாக இருந்துவிட்டாள். இன்னும் பதினாலு வருஷம் பொறுத்தால் போதும் என்று கணக்கு வேறு. பூந்தொட்டியைப் பார்த்தாள். அதன் விளிம்பில் அவளுடைய சட்டையின் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. எவ்வளவு சிரத்தையான வேலை என்று நினைத்தாள். விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதவில்லை, இன்னொரு முறை கழுவினாள்.

இருக்கைக்குத் திரும்பியபோது முப்பத்தேழு படக் கோளாறுகள் வரிசையில் காத்திருந்தன. முப்பத்தேழு வட்டங்கள். அதில் எத்தனை பேருடைய கண்கள் இன்னும் பிழைத்துக் கிடக்கின்றனவோ. அவள் முப்பத்தேழு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். மறு ஒத்திசைவை அழுத்தாதீர்கள். யார் அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள், நான் சொன்னாலும். முதலில் வெளியே போய்ப் பொதுத்திரையில் பாருங்கள். அடியில் தன் பெயரைப் போட்டாள். சாயந்திரத்துக்குள் இது தனசீலனுக்குத் தெரியும். வேலை போகும். போனால் அவள் முகத்தின் ஒப்புதலும் காலாவதியாகும். வளாகத்தில் இருக்கிற அத்தனை பேர் படத்திலும் அவள் ஒரு தொட்டியாகவோ தூணாகவோ ஆகிவிடுவாள். ஆகட்டும் என்று அனுப்பினாள்.

வேலை போவதற்குள் இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. தணிக்கைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக இடைவாயில் ஓர் அகற்றல் பதிவேடு வைத்திருந்தது. எந்தப் படத்திலிருந்து எதை எடுத்தோம் என்று ஒரு வரி. படம் இராது, எழுத்து மட்டும்தான். அந்த வரியும் தொண்ணூறு நாளில் அழிந்துவிடும். அப்பாவின் நானூறு வரிகள் எப்போதோ அழிந்திருக்கும். பேச்சியின் வரிக்கு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பதிவேட்டுக்குள் போக வேண்டுமானால் முடிந்த டிக்கெட்டை மறுபடி திறக்க வேண்டும். திறந்தாள். வரியைத் தேடி எடுத்து, ஒரு சீட்டில் கையால் எழுதிக்கொண்டு, வெயிலில் இறங்கித் தகட்டு வயலுக்கு நடந்தாள்.

இசக்கி ஒரு தகட்டைக் கழுவி முடித்து, நீண்ட துடைப்பானைத் தோளில் சாய்த்து நின்றிருந்தாள். லூர்து சுற்றி வளைக்கவில்லை. படம் திரும்பி வராது, நான்தான் அழித்தேன், தெரியாமல் செய்தேன், ஆனால் நீ கேட்டபோது தெரிந்தவள்போலப் பதில் சொன்னேன் என்றாள். இசக்கி தகட்டில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் லூர்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"படத்துல இருந்து எடுத்ததைப் பத்தி பதிவேட்டுல ஒரு வரி இருக்கு. படிக்கவா?" என்று லூர்து கேட்டாள்.

இசக்கி தலையசைத்தாள்.

லூர்து சீட்டைப் பிரித்தாள். எழுதும்போதே அதில் ஓர் இடம் அவளைக் கூச வைத்தது. தாய்க்கே தெரியாத ஒரு நோயை அவளிடம் போய்ச் சொல்வதுபோல இருந்தது. இருந்தாலும் விடாமல் படித்தாள். "அகற்றியது, பெண் குழந்தை, வயது மூன்று முதல் நான்கு. கண்கள் திறந்தவை. வாய் மூடியது. சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. இடது கன்னத்தில் வீக்கம். நிரப்பியது, தலையணை."

இசக்கியின் உதடு மட்டும் அசைந்தது. இடது கன்னம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள் என்று லூர்துக்குத் தோன்றியது. ஈரக் கை தானாக உயர்ந்து அவளுடைய சொந்தக் கன்னத்தைத் தொட்டது.

"வீக்கம் இல்லக்கா" என்றாள். "கடலமிட்டாய். எங்க அக்கா கோவில்பட்டியில இருந்து வாங்கிட்டு வந்தா. கடிச்சா தீந்துரும்னு முழுசா கன்னத்துல அடக்கிக்கிட்டா. நான் சிரி சிரிங்கேன், சிரிச்சா விழுந்துரும்லா, அதான் வாயை இறுக்கிக்கிட்டு நிக்கா. அப்படித்தான் நின்னா. ஆமாக்கா. அப்படித்தான் நின்னா."

சொல்லச் சொல்ல அவள் முகம் கோணியது. துடைப்பானைப் போட்டுவிட்டுத் தகட்டின் கால்களுக்கு இடையே இருந்த நிழலில் உட்கார்ந்தாள். லூர்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. தன் விரல்களைப் பார்த்துவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இசக்கியின் இடுப்பில் செருகியிருந்த துணிக்குள் கருவி கிணுகிணுத்தது. பதிவேட்டுக்காகத் திறந்த டிக்கெட் தானாக முடிந்திருந்தது. இசக்கி துணியைப் பிரித்தாள். உங்கள் சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு ஐந்து மஞ்சள் முகங்கள் வரிசையாக நின்றன. எந்த ஒப்புதலும் தேவைப்படாத, ஒருநாளும் காலாவதி ஆகாத முகங்கள். அவற்றுக்குப் பின்னால் தலையணை மங்கலாகத் தெரிந்தது.

இசக்கி ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்து, அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே போனாள். கடைசி முகம் வரை போய், மறுபடி முதலில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒண்ணுக்கும் கன்னம் உப்பலையே அக்கா" என்றாள்.